பெரிய எழுத்து, எண், குறி: இந்த விதியை இனி எழுதாதீர்கள்

2018ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதிக்கும் ஜூலை 4ஆம் தேதிக்கும் இடையில், சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து 1.5 மில்லியன் நோயாளிகளின் சொந்த விவரங்கள் திருடப்பட்டன. அவர்களில் ஏறத்தாழ 160,000 பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் விவரமும் சேர்ந்து போனது. அப்போது பிரதமராக இருந்த திரு லீ சியன் லூங்கின் விவரங்களும் அதில் அடக்கம். அதுவரை சிங்கப்பூர் கண்டிராத அளவுக்குப் பெரிய தரவுத் திருட்டு அது.

அதை ஆராய அமைக்கப்பட்ட விசாரணைக் குழு 2019 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. பல குறைகளை அது சுட்டிக்காட்டியது. அவற்றில் ஒன்று, ஊடுருவியவர்களிடம் சிக்கிய ஒரு நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல். அது என்ன தெரியுமா? ‘பாஸ்வேர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லேதான். முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. ‘ஏ’ வரவேண்டிய இடத்தில் மின்னஞ்சல் முகவரியில் வரும் ‘அட்’ குறி. ‘ஓ’ வரவேண்டிய இடத்தில் பூஜ்ஜியம்.

அந்த ஒரு கடவுச்சொல்லால் மட்டும் திருட்டு நடந்துவிடவில்லை. வேறு ஓட்டைகளும் இருந்தன. ஆனால், இந்தக் கடவுச்சொல்லை வழக்கமான ஒரு சோதனை நிரலில் போட்டுப் பாருங்கள். எட்டு எழுத்து இருக்கிறதா? இருக்கிறது. பெரிய எழுத்து? இருக்கிறது. சிறிய எழுத்து, எண், சிறப்புக் குறி? மூன்றும் இருக்கின்றன. ஐந்து கேள்விக்கும் ‘ஆம்’ என்றே விடை. பட்டை பச்சை நிறமாகும். ‘வலுவான கடவுச்சொல்’ என்று பாராட்டும் வரும்.

உலகத்தில் யார் வேண்டுமானாலும் ஊகிக்கக்கூடிய ஒரு சொல்லுக்கு முழு மதிப்பெண் கொடுக்கும் சோதனை எதைச் சோதிக்கிறது? இதுதான் என் கேள்வி. என் பதில்: அது கடவுச்சொல்லின் வலிமையைச் சோதிக்கவில்லை, அதன் உடையலங்காரத்தைத்தான் சோதிக்கிறது. எனவே, பெரிய எழுத்து, எண், குறி ஆகியவற்றைக் கட்டாயமாக்கும் விதியை நாம் கைவிட வேண்டும்.

இதை ஏன் பெரியவர்களிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறேன்? உயர்நிலைப் பள்ளியில் கணினி நிரலாக்கம் படிப்பவர்களுக்குக் கடவுச்சொல்லைச் சோதிக்கும் நிரல் மிகப் பழக்கமான ஒரு பயிற்சி. நான்கைந்து ‘இஃப்’ வரிகளில் முடிந்துவிடும். விடை சரியா தவறா என்று உடனே தெரியும். அதனால் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் அது பிடிக்கும். அப்படிப் பழகிய கை, பின்னாளில் ஒரு வங்கிக்கோ மருத்துவமனைக்கோ மென்பொருள் எழுதும்போதும் அதே நான்கைந்து வரிகளைத்தான் எழுதும். பழக்கம் படிவதற்கு முன்னாலேயே பேசிவிடுவது நல்லது.

விதி பிறந்த கதை

மனிதர்கள் மோசமான கடவுச்சொற்களைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது புதிய செய்தியல்ல. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் இருவரும் 1979ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினர். பயனீட்டாளர்களின் 3,289 கடவுச்சொற்களை அவர்கள் சேகரித்துப் பார்த்திருந்தனர். அவற்றில் 86 விழுக்காடு எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவை. சில ஒரே ஓர் எழுத்து. பல மூன்று நான்கு எழுத்துகள். இன்னும் பல, அகராதியில் உள்ள சொற்கள் அல்லது பெயர்கள்.

ஆக, ஏதாவது ஒரு கட்டுப்பாடு தேவை என்று எல்லாருக்கும் தோன்றியதில் வியப்பில்லை. 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகம் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. கடவுச்சொற்களைப் பற்றிய அதன் பின்னிணைப்பை எழுதியவர் பில் பர் என்ற அதிகாரி. எழுத்து வகைகளைக் கலந்து கேட்பது, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது போன்ற நடைமுறைகளுக்கு அந்த ஆவணம் வலுச் சேர்த்தது. அரசாங்க அலுவலகங்களில் தொடங்கி வங்கிகள், பல்கலைக்கழகங்கள், கடைகளின் இணையத்தளங்கள் என உலகெங்கும் அது பரவியது.

அந்த வழிகாட்டியை எழுதியபோது, மக்கள் உண்மையில் எப்படிப்பட்ட கடவுச்சொற்களை வைக்கிறார்கள் என்பதற்குப் போதிய தரவு பில் பர்ரிடம் இல்லை. கணிதம் இருந்தது, கவனித்துப் பார்த்த ஆதாரம் குறைவாக இருந்தது. அறிவியல் வகுப்பில் உங்கள் ஆசிரியர் அடிக்கடி சொல்வது நினைவுக்கு வருகிறதா? கருதுகோள் எவ்வளவு அழகாக இருந்தாலும், சோதித்துப் பார்க்காதவரை அது கருதுகோள்தான்.

சோதிக்கத் தேவையான தரவு 2009இல் வந்தது. அதுவும் ஒரு திருட்டின் வழியாக. ‘ராக்யூ’ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 32 மில்லியன் கடவுச்சொற்கள் கசிந்தன. அந்த நிறுவனம் அவற்றை எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே சேமித்து வைத்திருந்தது. பட்டியலில் முதலிடம் ‘123456’க்கு. ஏறத்தாழ 290,000 பேர் அதையே வைத்திருந்தனர். ஆய்வாளர்கள் முதன்முறையாக இவ்வளவு பெரிய அளவில் மக்களின் உண்மையான தேர்வுகளைப் பார்க்க முடிந்தது. பழைய விதிகள் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை என்பது அடுத்தடுத்த ஆய்வுகளில் தெளிவாயிற்று.

2017ஆம் ஆண்டில் அதே கழகம் தன் வழிகாட்டியைத் திருத்தி எழுதியது. எழுத்து வகைகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம். காரணமின்றிக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லவும் வேண்டாம் என்றது. தம் பழைய பரிந்துரைகளில் பலவற்றுக்காக இப்போது வருந்துவதாக, ஓய்வுபெற்றுவிட்ட பில் பர் அதே ஆண்டில் செய்தித்தாள் ஒன்றிடம் கூறினார். 2025இல் வந்த அடுத்த பதிப்பு இன்னும் ஒருபடி மேலே போனது. முன்பு ‘வேண்டாம்’ என்று அறிவுரையாக இருந்தது, இப்போது ‘கூடாது’ என்று தடையாகிவிட்டது.

விதியை உலகுக்குக் கொடுத்த கழகமே அதை விலக்கிக்கொண்டுவிட்டது. ஆனாலும், நீங்கள் இன்று ஒரு புதிய கணக்கைத் திறந்தால் அந்த விதி பெரும்பாலும் உங்களை வரவேற்கும்.

வலிமையை எப்படி அளப்பது?

ஒரு கடவுச்சொல்லின் வலிமை அதன் தோற்றத்தில் இல்லை. அதைக் கண்டுபிடிக்க எதிரிக்கு எத்தனை ஊகங்கள் தேவைப்படும் என்பதே அளவுகோல்.

எதிரி எப்படி ஊகிக்கிறார்? உள்நுழையும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வது ஒரு வகை. அதைத் தடுப்பது எளிது. உங்கள் வங்கி அட்டையின் ரகசிய எண்ணை நினைத்துப் பாருங்கள். நான்கு இலக்கம் என்றால் மொத்தமே 10,000 சாத்தியங்கள்தான். ஆனாலும் அது தாக்குப்பிடிக்கிறது. ஏனென்றால், சில முறை தவறாகப் போட்டதும் அட்டை முடங்கிவிடும்.

மற்ற வகைதான் ஆபத்தானது. திருடன் தரவுத்தளத்தையே எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். பொறுப்பான நிறுவனங்கள் கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதில்லை. ‘ஹேஷ்’ என்ற கணக்கின் வழியாக உருமாற்றிச் சேமிக்கின்றன. அரிசியை மாவாக அரைப்பது போன்றது இது. மாவை மீண்டும் அரிசியாக்க முடியாது. ஆனால், திருடனும் விதவிதமான அரிசியை அரைத்துப் பார்க்கலாமே! ஒவ்வோர் ஊகத்தையும் அதே முறையில் உருமாற்றி, தான் திருடிய மாவோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பான். தன் வீட்டில் செய்வதால் அவனைத் தடுக்க யாரும் இல்லை. விளையாட்டுக் கணினியில் இருக்கும் வரைகலைச் செயலி ஒன்றே போதும். வேகமான ஹேஷ் முறை என்றால் நொடிக்குப் பல பில்லியன் ஊகங்களைச் சோதிக்கும்.

நொடிக்கு 10 பில்லியன் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். ஆங்கில விசைப்பலகையில் இடைவெளியையும் சேர்த்து 95 எழுத்துகளும் குறிகளும் உள்ளன. எட்டு இடங்களை முழுக்க முழுக்கக் குலுக்கல் முறையில் நிரப்பினால் 95இன் எட்டாம் அடுக்கு, அதாவது சுமார் 6,600 டிரில்லியன் சாத்தியங்கள். கேட்கவே மலைப்பாக இருக்கிறது. ஆனால், அத்தனையையும் சோதித்து முடிக்கத் திருடனுக்கு எட்டு நாள்கூட ஆகாது.

அதுவும் குலுக்கல் முறையில் நிரப்பினால்தான். நம்மில் யார் அப்படிச் செய்கிறோம்? விதி கேட்கும்போது பலரும் செய்வது இது: பழக்கமான ஒரு சொல், முதல் எழுத்தைப் பெரிதாக்குவது, கடைசியில் இரண்டு எண், அதற்குப் பின் ஓர் ஆச்சரியக்குறி. திருடனுக்கும் இது தெரியும். பழக்கமான சொற்கள் 20,000, இரண்டு இலக்கங்களுக்கு 100 வழிகள், வழக்கமான குறிகள் 10 என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 20 மில்லியன் ஊகங்கள்தான். ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

6,600 டிரில்லியன் எங்கே, 20 மில்லியன் எங்கே! சோதனை நிரலின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டுக்கும் அதே பச்சைப் பட்டைதான்.

மாற்றச் சொன்னால் என்ன ஆகும்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற விதியின் கதையும் இப்படித்தான். அமெரிக்காவின் வட கரோலைனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் இதைச் சோதித்தனர். பழைய கணக்குகள் ஆயிரக்கணக்கானவற்றில், பயனீட்டாளர்கள் கட்டாயத்தின் பேரில் வரிசையாக மாற்றிக்கொண்டே வந்த கடவுச்சொற்களை எடுத்துக்கொண்டனர். முந்தைய கடவுச்சொல் தெரிந்தால் அடுத்ததைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதே கேள்வி. ஏறத்தாழ 17 விழுக்காட்டுக் கணக்குகளில் ஐந்து ஊகங்களுக்குள்ளேயே விடை கிடைத்தது. கடைசியில் உள்ள 1ஐ 2ஆக்குவது, குறியை முன்னே நகர்த்துவது என்று மக்கள் செய்த மாற்றங்கள் அவ்வளவு சிறியவை. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் 2019இல், விண்டோஸ் 10க்கான தனது பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து இந்தக் கட்டாய மாற்றத்தை நீக்கிவிட்டது.

இதற்காக மக்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவது நியாயமில்லை. ஒருவருக்கு மின்னஞ்சல், வங்கி, பள்ளி, மருந்தகம், பயண அட்டை என்று எத்தனை கணக்குகள்! ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான குறியைக் கேட்டால், மனிதர் மூளை செய்யக்கூடியது ஒன்றுதான். ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் வைக்கும். அல்லது தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டும். ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் வைத்தால், மிகப் பலவீனமான இணையத்தளம் எதுவோ அதுதான் உங்கள் வங்கிக் கணக்கின் பாதுகாப்பு. அங்கே கசிந்ததை எடுத்துக்கொண்டு திருடர்கள் எல்லாக் கதவுகளிலும் போட்டுப் பார்ப்பார்கள். எனவே, மோசமான விதி வெறும் தொல்லை மட்டுமல்ல. அது மக்களைப் பாதுகாப்பில்லாத பழக்கத்தை நோக்கித் தள்ளுகிறது. விதியை எழுதியவர் ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிடுகிறார். அதன் பாரத்தைச் சுமப்பவர்கள் நம் தாத்தா பாட்டிகள்.

தமிழில் பெரிய எழுத்து ஏது?

இந்த விதியில் தமிழ் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு குருட்டுத்தனமும் உண்டு. ‘யானை குடை மிளகு தயிர் சன்னல்’ என்று தமிழ் எழுத்திலேயே ஒருவர் கடவுச்சொல் வைக்க விரும்புகிறார் என்று கொள்வோம். ‘குறைந்தது ஒரு பெரிய எழுத்து தேவை’ என்று நிரல் திருப்பி அனுப்பிவிடும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே கிடையாது. சீன எழுத்திலும் இல்லை. ஜாவி எழுத்திலும் இல்லை. ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதியை நான்கு மொழி பேசும் ஊரிலும் அப்படியே நகலெடுக்கிறோம்.

பைத்தான் மொழி தெரிந்தவர்கள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை ‘லென்’ செயற்கூறிடம் கேளுங்கள். த, மி, ழ் என்று நாம் மூன்று எழுத்து எண்ணுவோம். அது ஐந்து என்று சொல்லும். இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. ‘இதில் இருப்பவை எல்லாம் எழுத்துகள்தானா?’ என்று ‘இஸ்ஆல்ஃபா’ செயற்கூறிடம் கேளுங்கள். ‘இல்லை’ என்று பதில் வரும். யூனிகோட் முறையில் அந்த இரண்டும் எழுத்து வகையில் சேராமல் குறி வகையில் சேர்வதே காரணம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு வழிகளில் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஆனால், ஹேஷ் கணக்கில் இரண்டுக்கும் வெவ்வேறு விடை. திறன்பேசியில் வைத்த கடவுச்சொல் மடிக்கணினியில் ‘தவறு’ என்று வரக்கூடும். இதைத் தவிர்க்க, ஹேஷ் செய்வதற்கு முன் எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கான ஏற்பாடு யூனிகோட் முறையிலேயே இருக்கிறது, பைத்தானிலும் இருக்கிறது. பயன்படுத்தத்தான் ஆள் வேண்டும்.

எல்லாரும் தமிழில் கடவுச்சொல் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேறொருவர் கணினியில் தமிழ் விசைப்பலகை இல்லாவிட்டால் திண்டாட்டம்தான். நான் சொல்வது இதுதான்: ‘பெரிய எழுத்து இருக்கிறதா?’ என்று கேட்கும் வரியை எழுதும்போது, யாரையெல்லாம் வாசலில் நிறுத்துகிறோம் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

அப்படியென்றால் என்ன எழுதலாம்?

விதியே வேண்டாமா? வேண்டும். நான்கு விதிகள் போதும்.

முதலாவது, நீளம். கடவுச்சொல் ஒன்றே காவல் என்றால் குறைந்தது 15 எழுத்துகள் கேட்க வேண்டும் என்கிறது 2025 வழிகாட்டி. மேல்வரம்பைத் தாராளமாக வைக்க வேண்டும்; குறைந்தது 64 எழுத்துகளுக்காவது இடம் கொடுக்க வேண்டும். இடைவெளியை அனுமதிக்க வேண்டும். அப்போதுதான் ஒரு சொல்லுக்குப் பதில் பல சொற்களைக் கோத்து வைக்க முடியும். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பும் பல சொற்களைச் சேர்த்து நீளமாக வைக்கும்படி மக்களுக்கு அறிவுறுத்துகிறது.

சொற்கள் எவ்வளவு வலிமை தரும்? பகடையை ஐந்து முறை உருட்டினால் 7,776 விதமான முடிவுகள் வரும். 7,776 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, பகடை காட்டும் சொல்லை எடுக்கும் முறையை ஆர்னல்ட் ரைன்ஹோல்ட் என்பவர் 1995இல் அறிமுகப்படுத்தினார். அப்படி ஐந்து சொற்களை எடுத்தால் சாத்தியங்களின் எண்ணிக்கை சுமார் 28 மில்லியன் டிரில்லியன். நொடிக்கு 10 பில்லியன் ஊகம் செய்யும் அதே திருடனுக்கு எல்லாவற்றையும் சோதிக்க ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஆகும். இத்தனைக்கும் அதில் ஒரு பெரிய எழுத்து இல்லை. ஓர் எண் இல்லை. ஒரு குறி இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை. சொற்களைப் பகடைதான் தேர்ந்தெடுக்க வேண்டும், நம் மனம் அல்ல. திருக்குறளின் முதல் குறளையோ, விருப்பமான பாட்டின் முதல் வரியையோ வைத்தால் நீளம் இருக்கும், பயன் இருக்காது. நமக்குத் தெரிந்த வரி திருடனின் பட்டியலிலும் இருக்கலாம்.

இரண்டாவது, தடைப்பட்டியல். ஏற்கெனவே கசிந்த கடவுச்சொற்களை யாரும் வைக்கவிடக் கூடாது. சிங்ஹெல்த் நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் இந்த ஒரு விதியிலேயே அடிபட்டுப் போயிருக்கும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ட்ராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ இணையத்தளம், கசிந்த கடவுச்சொற்களின் மிகப் பெரிய தொகுப்பை வைத்திருக்கிறது. நிரலாளர்கள் அதைப் பயன்படுத்தலாம்.

‘கடவுச்சொல்லைச் சோதிக்க அதை இன்னொருவரிடம் அனுப்புவதா?’ என்று நீங்கள் கேட்டால், அது நல்ல கேள்வி. அங்கேதான் ஓர் அழகான உத்தி இருக்கிறது. உங்கள் கணினி கடவுச்சொல்லை ஹேஷ் செய்யும். 40 இலக்கம் கொண்ட விடை வரும். அதில் முதல் ஐந்து இலக்கங்களை மட்டும் அனுப்பும். அந்த ஐந்தில் தொடங்கும் எல்லா விடைகளையும் இணையத்தளம் திருப்பி அனுப்பும். நூற்றுக்கணக்கில் வரும் அந்தப் பட்டியலில் உங்களுடையது இருக்கிறதா என்பதை உங்கள் கணினியே பார்த்துக்கொள்ளும். நீங்கள் எதைத் தேடினீர்கள் என்பது அந்த இணையத்தளத்துக்குத் தெரியவே தெரியாது.

மூன்றாவது, ஊகங்களை மதிப்பிடுவது. டிராப்பாக்ஸ் நிறுவனத்தின் டான் வீலர் 2012இல் ஒரு திறந்த மூல நிரலை வெளியிட்டார். அதன் பெயரே ஒரு வேடிக்கை: ஆங்கில விசைப்பலகையின் கீழ்வரிசையில் இடமிருந்து வலமாக உள்ள ஆறு எழுத்துகள். மோசமான கடவுச்சொல்லுக்கு அதுவே ஓர் உதாரணம். இந்த நிரல் பெரிய எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அகராதிச் சொற்கள், பெயர்கள், தேதிகள், விசைப்பலகை வரிசைகள், ‘ஏ’க்குப் பதில் ‘அட்’ குறி போடும் தந்திரம் எல்லாவற்றையும் கண்டறிந்து, திருடனுக்கு எத்தனை ஊகம் தேவைப்படும் என்று கணக்கிடுகிறது. திருடனைப் போல் யோசிக்கும் சோதனை என்று இதைச் சொல்லலாம்.

நான்காவது, நம் பக்கத்து வேலை. தவறான முயற்சிகளுக்கு வரம்பு வைக்க வேண்டும். வேகமான ஹேஷ் முறையை விட்டுவிட்டு, வேண்டுமென்றே மெதுவாக இயங்கும் முறையைப் பயன்படுத்த வேண்டும். நீல்ஸ் ப்ரோவோஸ், டேவிட் மசியேர்ஸ் இருவரும் 1999இல் அறிமுகப்படுத்திய ‘பிகிரிப்ட்’ அத்தகையது. உள்நுழையும் நமக்குக் கண்ணிமைக்கும் நேரம்தான் கூடுதலாகும். பில்லியன் கணக்கில் ஊகிக்கும் திருடனுக்கோ அது பெரும் பாரம். ஆனால், பிகிரிப்ட் 72 பைட்டுகளுக்கு மேல் கணக்கில் கொள்வதில்லை. பரவலாகப் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். 24 குறியீடுகளிலேயே இடம் நிரம்பிவிடும். எந்தக் கருவியையும் அதன் எல்லை தெரிந்துதான் பயன்படுத்த வேண்டும்.

நான்கு விதிகளையும் மீண்டும் பாருங்கள். பயனீட்டாளரிடம் நாம் கேட்பது நீளம் ஒன்றைத்தான். மற்ற மூன்றும் நிரல் எழுதுபவரின் பொறுப்பு. பழைய விதி இதற்கு நேர்மாறாக இருந்தது. எல்லா வேலையையும் பயனீட்டாளர் தலையில் கட்டிவிட்டு நிரலாளர் ஒதுங்கிக்கொண்டார்.

மறுப்புகளும் உண்டு

பழைய விதிக்கும் ஆதரவான வாதங்கள் இருக்கின்றன. ‘விதி இல்லாவிட்டால் எல்லாரும் 123456 என்று வைப்பார்களே’ என்பது முதல் வாதம். வைக்கத்தான் பார்ப்பார்கள். தடைப்பட்டியல் அவர்களைத் தடுக்கும். அதைவிட முக்கியம், ஏன் தடுத்தது என்று சொல்லவும் செய்யும். ‘குறி சேர்க்கவும்’ என்ற கட்டளையிலிருந்து யாரும் எதையும் கற்பதில்லை. ‘இது ஏற்கெனவே கசிந்த கடவுச்சொல்’ என்ற செய்தியிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

‘எண்ணும் குறியும் சேர்த்தால் கொஞ்சமாவது வலிமை கூடாதா?’ என்பது இரண்டாவது வாதம். கடவுச்சொல் நிர்வாகச் செயலி உருவாக்கும் குலுக்கல் கடவுச்சொல்லில் கூடும். அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால், மனிதர் கையால் கட்டாயத்துக்குச் சேர்க்கும் எண்ணும் குறியும் பெரும்பாலும் எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்த வடிவத்தில்தான் வந்து உட்காரும்.

மூன்றாவது வாதம் வேறு திசையிலிருந்து வருகிறது. ‘விரல்ரேகை, முகம், கடவுச்சாவி என்று எல்லாம் மாறிக்கொண்டிருக்கிறதே, கடவுச்சொல்லே ஒழியப் போகிறது, இதைப் பற்றிப் பேசுவானேன்?’ ஒழிந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். இயன்ற இடத்தில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் கடவுச்சாவியையும் பயன்படுத்துங்கள். ஆனால், பழைய கணக்குகளும் பழைய கணினிகளும் ஒரே நாளில் மறைந்துவிடுவதில்லை. அதுவரை விதி எழுதிக்கொண்டேதான் இருப்போம். நல்ல விதியாக எழுதலாமே.

இதை வகுப்பறைக்கும் கொண்டு செல்ல விரும்புகிறேன். ஆசிரியர்கள் கடவுச்சொல் பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை. கேள்வியை மட்டும் மாற்றலாம். ‘பெரிய எழுத்து இருக்கிறதா என்று சோதிக்கும் நிரல் எழுதுக’ என்பதற்குப் பதில், ‘கொடுக்கப்பட்ட பட்டியலில் உள்ள கடவுச்சொல்லை மறுக்கும் நிரல் எழுதுக’ என்று கேட்கலாம். வரிகளின் எண்ணிக்கை கூடாது. கோப்பைத் திறந்து படிப்பது, பட்டியலில் தேடுவது என்று கற்பதற்கு இன்னும் அதிகம்தான் இருக்கும். எழுத்துகளை மாற்றிப் போட்டு ஏமாற்றுபவரைப் பிடிப்பது எப்படி என்பது கெட்டிக்கார மாணவருக்கு அடுத்த சவால்.

ஏற்கெனவே நீங்கள் எழுதி வைத்த சோதனை நிரல் ஒன்று உங்கள் கணினியில் எங்கேயாவது கிடக்கலாம். இந்த வார இறுதியில் அதை இயக்குங்கள். விசாரணைக் குழு அறிக்கையில் இடம்பெற்ற அந்த எட்டு எழுத்துக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யுங்கள். ‘வலுவானது’ என்று பதில் வந்தால், எந்த வரியை நீக்க வேண்டும், எந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.